கண் திறந்த போட்டோ

என் வீட்டுக்காரர் சகாயராஜுக்குக் கண்ணைத் திறந்தபடி ஒரு போட்டோ கிடையாது. கல்யாண ஆல்பம் முழுக்கத் தூங்குமூஞ்சி, ஆதாரிலும் அதே. உப்பளத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பழகியவர், யாராவது போனை நீட்டினாலே இமை தானாக இறங்கிவிடும். எனக்கு அது பெரிய குறை.

குயிலாப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் உர்சுலா என்ற ஜெர்மன்காரம்மா தங்கியிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா வாங்கிய கேமரா, நூறு வயசாம். மூடினால் சோப்பு டப்பா அளவு. திறந்தால் ஆர்மோனியம் மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு மூக்கு நீளும். துடைக்கிற சாக்கில் நான் அதைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். வெயிலுக்கான நம்பரை அவரே வைத்து, கையில் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு போட்டோ பாக்கி, வினோதினி. ஒண்ணு எடு, இந்தச் சாவி திருகு, ஃபிலிம் நகரும், அப்புறம் இன்னொண்ணு."

மறுநாள் மரக்காணம் உப்பளத்தில், உப்புக் குவியலுக்கு முன்னால் என் வீட்டுக்காரரைக் குத்துக்காலிட்டு உட்காரவைத்தேன். அந்தக் கேமராவில் ஆளைப் பார்த்து எடுக்க முடியாது. வயிற்றோடு வைத்துக்கொண்டு, பொத்தான் அளவு கண்ணாடியில் குனிந்து தேட வேண்டும். தேடினேன், தேடினேன்.

"இன்னாடி, உள்ளயே பூந்துட்ட? இன்னா தெரியுது அதுல?"

அமுக்கினேன். சாவியில் கை வைத்ததும் பதறினார்.

"ஏய், உடனே கை வெக்காத! பாத்தியில உப்பு உறையறப்ப கலக்குனா பொடி உப்பாப் பூடும். இதுவும் கொஞ்சம் உறையட்டும்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் தானும் எடுக்க வேண்டுமென்று ஆசையாகக் கை நீட்டினார், சாவியை மறந்தே போனேன். அதே இடத்தில் கருநீலப் புடவையில் நின்றேன். அவர் குனிந்து வெகுநேரம் தேடி அமுக்கினார்.

உர்சுலா பாத்ரூமை இருட்டாக்கி ஃபிலிமைக் கழுவினார். போட்டோவோடு வந்தவர் முகம் சரியில்லை.

"சாவி திருகலையா? ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடுச்சி."

வாங்கிப் பார்த்தேன். என் தலை இருக்க வேண்டிய இடத்தில் உப்புக் குவியலின் வெள்ளை, மூக்குமில்லை முழியுமில்லை. கழுத்துக்குக் கீழே, என் புடவை இருட்டுக்குள் என் வீட்டுக்காரர் முகம். இவள் அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அவரிடம் காட்டினேன். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. போட்டோவைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உன் மூஞ்சி எங்கடி?"

"அத்த விடுய்யா. உன் கண்ணப் பாரு!"

"நான் அதுல உன்னத்தான தேடி எடுத்தேன்" என்று என்னைப் பார்த்தார். அப்போதும் கண் இரண்டும் நன்றாகத் திறந்துதான் இருந்தன.