நாலரைக் கிலோ ட்ரிகர்

என் வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் பதினோரு வருஷம் தொடர்ந்து கடைசியாக வந்தார். கடைசிக்கு முந்தின இடம்கூட ஒரு தடவை கிடைக்கவில்லை. போர்ட் பிளேரில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போலீஸ் சுடுதளத்தைக் கேட்டு வாங்கிப் போட்டி வைப்பார்கள். பதினாலு பேர் சுடுவார்கள், இவர் பதினாலாவது. ஒரு வருஷம் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். அந்த வருஷம் பன்னிரண்டாவது.

துப்பாக்கி என் மாமனாருடையது. மத்திய அந்தமானில் மரம் வெட்டும் கூப்பில் வேலை பார்த்தவர். யானை கட்டை இழுத்த காலத்தில் வேட்டைக்கென்று வாங்கிய ரைஃபிள். அதை வைத்து அவர் என்ன சுட்டார் என்று யாருக்கும் தெரியாது. என்ன சுட்டதாகச் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் போனதும் மகன் பேருக்கு லைசென்ஸ் மாறியது. இப்போது பன்றியைத் தொட்டால் கேஸ், மானைத் தொட்டால் கேஸ். எங்கள் வீட்டு வேட்டைத் துப்பாக்கி சட்டப்படி வேட்டையாடக்கூடியது காகிதத்தை மட்டும்தான். அந்தக் காகிதமும் இவர் கையில் பத்திரமாகவே இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் தோற்றுவிட்டு டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு வந்து, சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்.

"ட்ரிகர் கனம், வைஜெயந்தி. இழுக்க இழுக்க வர மாட்டேங்குது. வர்ற நேரத்துல குழல் திரும்பிடுது."

நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். தங்கைக்குப் பிரசவம், தாத்தாவுக்குச் சீரியஸ், எப்படியாவது கப்பலில் ஒரு பங்க், ஒரு படுக்கை கொடுங்கள் என்று தினம் நூறு பேர் சொல்வார்கள். எது பொய் என்று குரலிலேயே தெரியும். இவர் சொன்னதைப் பொய் என்று முதல் வருஷமே முடிவு கட்டிவிட்டேன். மகள் ரூபா மெயின்லேண்டில் படிக்கப் போன பிறகு வீட்டில் கேலி செய்ய ஆள் குறைந்துவிட்டதால், அவள் பங்கையும் நானே செய்தேன். முறுக்கு கடிக்க முடியாவிட்டால், "ட்ரிகர் கனமா?" என்பேன். ஜாடி மூடி திறக்காவிட்டாலும் அதே கேள்விதான்.

போன டிசம்பரில் எனக்கே அலுத்துவிட்டது. பன்னிரண்டாவது வருஷமும் அதே பேச்சைக் கேட்க என் காதில் இடமில்லை.

"ஏங்க, பாம்பூஃப்ளாட்ல ஒருத்தர் துப்பாக்கி ரிப்பேர் பண்றாராமே. நேவில இருந்தவராம், லைசென்ஸும் இருக்காம். சனிக்கிழமை போவோம்."

"அவர் எப்பவும் பிஸி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லிக்கிறாங்க," என்று எழுந்து போய்விட்டார். அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரிக்கு நின்றோம். கான்வாஸ் உறையில் சுற்றிய ரைஃபிளை இவர் பிறந்த குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார். கயிறு பிடிக்கிற பையன், இது என்ன என்று ஹிந்தியில் கேட்டான். இவர் கம்பீரமாக, "பந்தூக்," என்றார். அவன் சிரித்துவிட்டு, "என்ன மீன் மாட்டும் அங்கிள்?" என்றான். தூண்டில் என்றே நினைத்துக்கொண்டான். இவர் லைசென்ஸ் புத்தகத்தை எடுப்பதற்குள் ஃபெர்ரி நகர்ந்துவிட்டது. அக்கரை சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

ரிப்பேர்காரர் சிலுவைராஜின் பட்டறை அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. தூத்துக்குடிக்காரர். நேவியில் ஆயுதங்களைப் பழுது பார்த்து ரிட்டையர் ஆனவர். கையில்லாத பனியன், கழுத்தில் ஜெபமாலை. ரைஃபிளை வாங்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று ரெண்டு தடவை பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய தராசை எடுத்தார். மீன் நிறுக்கிற கொக்கித் தராசுதான். கொக்கியை ட்ரிகரில் மாட்டி மெதுவாக மேலே இழுத்தார். முள் ஏறிக்கொண்டே போனது. மூன்று. மூன்றரை. நாலு. அதற்கப்புறம்தான் 'டக்' என்றது.

"நாலரைக் கிலோ," என்றார். "இது ட்ரிகர் இல்லம்மா, சூரை மீன்."

அப்படியானால் இவர் சொன்னது பொய் இல்லை.

"அவ்வளவு கனம் இருந்தா குறி தப்புமா?"

"ரைஃபிளே நாலு கிலோதான். அதைவிட அதிகமா இழுத்தா என்ன ஆகும்? துப்பாக்கி உங்க பக்கம் வரும், குண்டு ஊருக்குப் போகும். நல்லா சுடறவன்கூட இதுல தடுமாறுவான்."

நான் இவரைப் பார்த்தேன். பதினோரு வருஷமாகச் செய்த கேலி நினைவுக்கு வந்தது. மன்னிப்பு கேட்கலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். ஆனால் இவர் என்னைப் பார்க்காமல், பட்டறைக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சிலுவைராஜ் ரைஃபிள் நம்பரைக் குறிக்க ஒரு பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினார். புரட்டியவர் நின்றார்.

"சார், நீங்க முன்னாடியே வந்திருக்கீங்களே. கொரோனாவுக்கு முந்தின வருஷம். இதே நம்பர். 'ட்ரிகர் நாலரைக் கிலோ. அரை நாள் வேலை. ஓனர் யோசித்துச் சொல்வதாகப் போனார்.'"

வெளியே ஒரு கோழி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"யோசிச்சீங்களா?" என்றேன்.

"யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

சிலுவைராஜ் சிரிப்பை அடக்க ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறவர் மாதிரி பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்.

வேலை முடிய மத்தியானம் ஆகும் என்றார். பக்கத்துக் கடையில் மீன் சாப்பாடு சாப்பிட்டோம். ரசம் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. இவருக்கு என் கத்தலைவிட அதுதான் பயம். அவராகவே சொன்னார்.

"சரி பண்ணிட்டா, அப்புறம் எதைச் சொல்றது, வைஜெயந்தி?"

"என்னது?"

"இப்ப தோத்தா ட்ரிகர் தோத்துச்சு. அதைச் சரி பண்ணிட்டுத் தோத்தா நான்தானே தோக்கணும்."

திட்ட நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அதனால் அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன். திட்டு எங்கே போய்விடும், ஃபெர்ரியில் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பிப் போனபோது ரைஃபிள் தயாராக இருந்தது. உப்புக் காற்றில் ஏறிய துருவும், மாமனார் காலத்துக் கிரீஸும் உள்ளே கெட்டித்துக் கிடந்ததாம். உரசுகிற இடங்களைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார். கொக்கியை மாட்டிக் காட்டினார். சரியாக ரெண்டு கிலோவில் 'டக்'.

"இன்னும் குறைக்கலாமா?" என்று இவருக்குத் திடீரென்று ஆசை.

"குறைக்கலாம் சார். அப்புறம் நீங்க தும்மினா அது வெடிக்கும். வேட்டைத் துப்பாக்கிக்கு இதுக்குக் கீழ நான் போக மாட்டேன்." சொல்லிவிட்டு ரைஃபிளின் அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் நாலு தடவை நன்றாகக் குத்தினார். ட்ரிகர் அசையவில்லை. "இப்படிக் குத்தி, தானா 'டக்'குன்னு விழுந்துச்சுன்னா அந்த ரிப்பேர் ரிப்பேரே இல்லை."

போட்டிக்கு முந்தின நாள் இவருக்கு முதுகு வலி வந்தது. அப்புறம் வயிற்று வலி. ஞாயிறு காலை இடது காதில் ஏதோ சத்தம் கேட்பதாகச் சொன்னார். "துப்பாக்கி வலது பக்கம்தானே," என்று ஆட்டோவில் ஏற்றினேன்.

சங்கத் தலைவர் துப்பாக்கியும் ஒழுக்கமும் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அவர் பேச்சில் ரெண்டு பேர் தூங்கினார்கள், அதில் ஒருவர் துப்பாக்கியோடு. பிறகு சுட ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு ஐந்து குண்டு. மூன்றாம் நம்பர் இடத்தில் இவர் குப்புறப் படுத்தார். நாலாம் நம்பரில் நாகராஜ். ரோடு கான்ட்ராக்டர், ஒன்பது வருஷம் கோப்பை வாங்கியவர். படுக்கும்போதே பக்கத்தில் பார்த்து, "அண்ணே, இந்த வருஷமாவது காகிதத்துக்குக் காயம் உண்டா?" என்றார்.

இவர் கண்ணைக் குறியிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அது புதிது. முதல் குண்டு வெடித்ததும் இவர் தலையைத் தூக்கி, ரைஃபிளைத் திரும்பிப் பார்த்தார். யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல. பிறகு நிதானமாக மிச்சம் நாலையும் சுட்டார். எழுந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை.

"எப்படிங்க?"

"இழுத்ததே தெரியல. நினைச்சேன், வெடிச்சிடுச்சு."

காகிதங்களைக் கழற்றி மேஜைக்குக் கொண்டு வந்தார்கள். மூன்றாம் நம்பர் காகிதம் கடையிலிருந்து வாங்கி வந்தபடி இருந்தது. ஒரு கீறல் இல்லை. கூட்டம் சிரித்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். அப்போது போட்டிச் செயலாளர் பாலகுமார், கண்ணாடியை மூக்கில் ஏற்றி, நாலாம் நம்பர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல பத்து ஓட்டை இருக்கு."

ஐந்து ஓட்டைகள் அம்மை போட்டதுபோல அங்கங்கே. மற்ற ஐந்தும் நட்ட நடுவில், ஒரு காபி டம்ளரைக் கவிழ்த்தால் மூடிவிடலாம் போல ஒரே கொத்தாக.

"ஏங்க," என்றேன் மெதுவாக, "நீங்க எதைச் சுட்டீங்க?"

"என் நம்பரைத்தான்."

"உங்க நம்பர் என்ன?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது.

நாகராஜுக்கும் அதே அளவு குண்டுதான், அதனால் ஓட்டையைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. "நடுவுல இருக்கிறது என்னோடது," என்றார் நாகராஜ். கொஞ்சம் வேகமாகவே சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பதினோரு வருஷம் கடைசியாக வந்தவரா, ஒன்பது கோப்பைக்காரரா என்றால் ஊர் யாரை நம்பும்? திரும்பச் சுட ஒருவரிடமும் தோட்டா மிச்சமில்லை. பாலகுமார் ஜெராக்ஸ் எடுத்த விதிப் புத்தகத்தைப் படித்தார். அடுத்தவர் இலக்கில் சுட்டவருக்குப் பூஜ்யம். சந்தேகம் வந்தால், இலக்குக்கு உரியவருக்கு இருப்பதில் உயர்ந்த ஐந்து ஓட்டைகள். அப்படிக் கூட்டினால் நாகராஜுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் எடுக்காத மார்க்.

"இது அநியாயம்," என்று நான் மேஜையைப் பிடித்தேன். கவுண்டரில் எனக்கு ஒரு குரல் உண்டு. அது வருவதற்குள் இவர் என் முழங்கையைத் தொட்டார்.

"விடு வைஜெயந்தி. தப்பான பேப்பர்ல சுட்டது நான்தான். ட்ரிகர் இல்ல."

சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தை மேஜையில் விரித்து, அளவு தெரியப் பக்கத்தில் தன் கைக்கடிகாரத்தை வைத்து, செல்போனில் ஏழெட்டுப் படம் எடுத்தார். பன்னிரண்டாவது தடவையாகக் கடைசி. பூஜ்யம் வேறு. வரிசையில் நின்று ஆட்டுக்கறி பிரியாணி ரெண்டு தட்டு வாங்கி வந்தார், ஒன்றில் எனக்கு முட்டை அதிகம்.

பாதி சாப்பாட்டில் நாகராஜ் வந்தார். கோப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அக்கா, அண்ணன் ட்ரிகர்ல ஏதும் வேலை பார்த்தாரா?"

"எதுக்குக் கேக்குறீங்க? நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே," என்றேன்.

அவர் என் தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சுட்டவனுக்குத் தெரியாதா அக்கா, தன் குண்டு எங்க போச்சுன்னு. வாய் முந்திக்கிச்சு. இப்பப் போய் மைக்கைப் பிடிச்சுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் அதற்குள் பேனா கேட்டார். டிஷ்யூ பேப்பரில் சிலுவைராஜ் பேர், பாம்பூஃப்ளாட், சர்ச் தாண்டி இடது பக்கம் என்று எழுதி நீட்டினார்.

"அரை நாள் வேலை. தராசு வச்சுப் பாருன்னு சொல்லுங்க," என்றார். "யோசிச்சுச் சொல்றேன்னு மட்டும் வந்துடாதீங்க."

நாகராஜ் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் நாகராஜே சங்கத்துக்குக் கடிதம் எழுதி, அந்த வருஷக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம் என்று 'சொந்தக் காரணம்' என எழுதியிருந்தாராம். சங்கம் அதை ரெண்டாவது வந்தவருக்குக் கொடுத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கூடாதுதான், பூஜ்யம் பூஜ்யம்தானே.

போட்டி முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் ஹாலில் பாய் விரித்து ரைஃபிளைச் சுத்தம் செய்தார். முடிந்ததும் உள்ளே காலி என்று எனக்குத் திறந்து காட்டி, "ஒரு தடவை இழுத்துப் பாரேன்," என்றார்.

"எனக்கு எதுக்கு?"

"சும்மா."

நைட்டியோடு பாயில் குப்புறப் படுத்தேன். முப்பது வருஷக் கல்யாணத்தில் இது ஒன்றுதான் பாக்கி இருந்தது. எதிர்ச் சுவரில் காலண்டர் முருகனைத் தவிர்த்து, கீழே தேதிக் கட்டத்தைக் குறி பார்த்தேன். மூச்சைப் பாதி விடச் சொன்னார். விட்டேன். விரல் மடங்கியதா இல்லையா என்று நான் முடிவு செய்வதற்குள் 'டக்'.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான்."

அடுக்களையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. "நீ படு, நான் நிறுத்துறேன்," என்று இவர் எழுந்து போனார். நான் ரைஃபிள் போல்ட்டைப் பின்னால் இழுத்துத் தள்ளி, மறுபடி தேதிக் கட்டத்தைக் குறி பார்த்தேன்.