சீர்த்தட்டில் ஒரு கார் சீட்

"வேற கலர்ல எடுத்துப் போடும்மா" என்று சொன்ன பிறகுதான் ஆதிகேசவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில் மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பதினைந்து வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறவன் அவன். ஒரு நாளைக்கு எத்தனை வாய் இந்த வாக்கியத்தைச் சொல்கிறது என்று அவனுக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் முகத்துச் சிரிப்பு மாறாமல் மனசுக்குள் ஒரு வார்த்தை திட்டிக்கொள்வான். அதே வார்த்தையைத்தான் எதிரில் நிற்கும் பெண்ணும் இப்போது தன்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குழந்தைச் சாமான் விற்கும் கடை அது; தங்கை, அவள் புருஷன், குழந்தை எல்லோரும் கூட வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் ஜெயப்ரியா என்று மார்பில் குத்தியிருந்த அட்டை சொன்னது. "இந்த சைஸ்ல கருப்பு மட்டும்தான் சார் இருக்குது" என்றாள். ஆதிகேசவன் அந்தக் கார் சீட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். துணியை இரண்டு விரலால் கசக்கினான். முந்தானையின் பின்புறத்தைப் பார்க்கிற பழக்கம், விட்டால்தானே. சாதாரணமாக வாங்குவதென்றால் கருப்போ பச்சையோ யார் கேட்கப் போகிறார்கள்? இதுவோ தாய்மாமன் சீர். வருகிற தை மாதம் தங்கை தேவகியின் பெண் அனுவுக்குத் தென்னேரி குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். பூவும் பழமும் வைத்த தட்டுகளோடு மேளம் கொட்டி எடுத்துப்போக வேண்டிய பொருள். ஒரே ஒரு கருப்புக் கோடு ஓடினாலும் அந்தப் புடவையை முகூர்த்தக்காரர்கள் கண்ணில் காட்டாமல் ஒதுக்கி வைக்கிற ஆதிகேசவன், முழுக் கருப்பை எந்த மூஞ்சியோடு சபையில் வைப்பான்?

கார் சீட்டையே சீராகக் கேட்டவள் தேவகி. "கம்மலு மட்டும் போடுண்ணா. செயின் கியின் வேணாம். அதுக்குப் பதிலா பாப்பாக்கு ஒரு கார் சீட் எடுத்துக் குடு" என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. "என் மடி இன்னா ஆச்சு?" என்று கேட்டான்.

அது விளையாட்டுக் கேள்வி இல்லை. தேவகியின் புருஷன் விமல்ராஜ் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். போன வருஷம் கார் வாங்கினான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கே கிளம்பினாலும் முன்சீட்டில் ஆதிகேசவன், அவன் மடியில் அனு. டேஷ்போர்டைத் தட்டி அவள் மேளம் வாசிப்பாள், இவன் வாயால் நாயனம் ஊதுவான். முப்பத்தெட்டு வயசாகியும் இன்னும் பெண் பார்த்துக்கொண்டே இருக்கிற வீட்டில், வாரம் முழுக்க அடுத்த வீட்டுக் கல்யாணங்களுக்குப் புடவை விரித்துப் போடுகிறவனுக்கு, அந்த ஒரு மணி நேரம்தான் பண்டிகை. அவள் உச்சந்தலையில் வீசும் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனைக்காகவே ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருப்பான். போதாததற்குக் காதுகுத்தில் குழந்தை உட்கார வேண்டிய இடமே மாமன் மடிதான். இதைவிடப் பெரிய பதவி அவனுக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்?

அந்தப் பதவிக்கு ஒரு எருமை வேட்டு வைத்துவிட்டது. வாலாஜாபாத் ரோட்டில் அது பாட்டுக்குக் குறுக்கே நடந்தது, விமல்ராஜ் பிரேக்கை மிதித்தான், மடியிலிருந்த அனு வழுக்கி முன்னால் போனாள். ஆதிகேசவன் கைக்குச் சிக்கியது கவுனின் பின்பக்கம் மட்டும்தான். கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் தொங்கிய குழந்தை, "மாமா, இன்னொரு வாட்டி" என்று கெக்கெக்கே எனச் சிரித்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஆனால் வீடு வரும்வரை அவன் அந்தக் கவுனைப் பிடித்த பிடியை விடாததைப் பின்சீட்டிலிருந்து தேவகி பார்த்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் சீரைப் பற்றிப் பேச்சை எடுத்தாள்.

"செவப்புல ஒண்ணு இருக்குது சார்" என்று ஜெயப்ரியா உள்ளே போய்க் கொண்டுவந்தாள். ஆகா, நல்ல அரக்குச் சிவப்பு! ஓரத்தில் பொன் நிறத் தையல் வேறு. ஆதிகேசவனின் முகம் மலர்ந்துவிட்டது. "இதான், இதைப் பேக் பண்ணும்மா" என்றான்.

"அது கைக்கொழந்தைக்கு சார். உங்க பாப்பாவுக்குத் தோள் வார் தோள்கிட்ட இல்ல, முழங்கைகிட்ட வரும்."

"கொஞ்சம் இழுத்து விட்டா?"

"மச்சான், ஜாக்கெட்டா இது, பிரிச்சித் தெக்கறதுக்கு?" என்று விமல்ராஜ் சிரித்தான். "கலரா முக்கியம்?"

"உங்க அக்கா வந்து நிப்பாங்களே மாப்ளே, அப்போ தெரியும் எது முக்கியம்னு."

விமல்ராஜின் அக்கா அம்சவேணி பெயரை எடுத்ததும் விமல்ராஜே போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். அந்தம்மாள் நாக்குக்குத் தப்பின சீர் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

புடவைக் கடையில் ஆதிகேசவன் கற்ற வித்தை ஒன்று உண்டு. பத்துப் பேர் வந்து உட்கார்ந்து ஒன்பது பேர் பேசுவார்கள். முடிவெடுக்கிறவர் பேசாமல் ஒரு மூலையில் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து அவர் முன்னால் விரித்தால் வியாபாரம் முடிந்தது. பழக்கதோஷத்தில் அவன் கண் இங்கேயும் அந்த ஆளைத் தேடியது. தேவகி சிவப்பையும் கருப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமல்ராஜ் போனை நோண்டினான். அனுவைக் காணோம்.

கீழே பார்த்தால், தரையில் வைத்திருந்த கருப்புச் சீட்டில் ஏறி மகாராணி மாதிரி சாய்ந்திருந்தாள். இரண்டு தோளிலும் வார், இடுப்பில் வார். நடுவில் பூட்டு மட்டும் பாக்கி. ஜெயப்ரியா குனிந்து அதை மாட்டினாள். டக். அனு கண்ணை அகல விரித்தாள். "மாமா, டக்கு!" என்றாள். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னாள். டக். மறுபடி. ஆதிகேசவன் பக்கத்தில் உட்கார்ந்து வாரைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தான், பலங்கொண்ட மட்டும். குழந்தை அசையவில்லை. கவுனின் பின்பக்கம் மட்டும் கைக்குச் சிக்கிய அந்த நொடி அவனுக்கு ஞாபகம் வந்தது.

"கருப்பே போடும்மா" என்றான் எழுந்து. "யாரு இன்னா சொன்னாலும் நான் பார்த்துக்கறேன்."

சீர் வைக்கிற வரை அதைப் பிரிக்கக் கூடாது என்று அவன் எவ்வளவோ சொன்னான். "அதுவரைக்கும் எருமைங்க லீவுல இருக்குமா?" என்று கேட்டுவிட்டுத் தேவகி அன்றைக்கே பின்சீட்டில் மாட்டிவிட்டாள். அடுத்த ஞாயிறு அனு பின்னால் உட்கார்ந்து தன்னந்தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். முன்சீட்டில் ஆதிகேசவனுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. டேஷ்போர்டை லேசாகத் தட்டினான், நாயனம் வரவில்லை. நல்லதுதான் செய்தோம் என்று புத்திக்குத் தெரிந்தது. மடிக்குத் தெரியவில்லை.

தை பிறந்தது. தென்னேரியில் ஏரி நிரம்பி அலையடித்தது. கோயில் வாசலிலிருந்து மேளத்தோடு தட்டுகள் வரிசையாக வந்தன. காரிலிருந்து கழற்றிய சீட் எந்தத் தாம்பாளத்திலும் அடங்கவில்லை. ஆதிகேசவன் அதன் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, இருந்ததில் பெரிய தாம்பாளத்தின்மேல் நிறுத்தித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். அம்சவேணி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாபா ஆதி, தங்கச்சி மவளுக்கு சலூன் வெச்சிக் குடுக்கறியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அதுவும் கருப்பு. அதுவும் ஒக்காந்து பழசு பண்ண சீரு" என்று அவள் அடுக்கினாள். ஆதிகேசவனுக்குக் காது சூடாகியது. "ஆமாக்கா, ஓட்டிப் பார்த்துதான் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சீட்டை அம்மன் முன்னால் இறக்கினான். எப்படியும் இன்றைக்கு மடி நம்முடையதுதானே என்று தைரியம்.

அந்தத் தைரியம் மொட்டையோடு போயிற்று. மாமன் மடியில் வைத்துத்தான் முடி இறக்கினார்கள். கத்தி ஏறியதும் அனு போட்ட கூச்சலில் அரசமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிப் போய்விட்டன. குளிப்பாட்டி, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டித் திரும்பக் கொண்டுவந்தபோது அவன் மடியைப் பார்த்ததும் உடம்பை விறைத்துக்கொண்டாள். "மாமா வேணாம்! மாமா வேணாம்!" சாக்லேட் காட்டினான், வேண்டாம். நாயனம் ஊதினான், வேண்டாம். கம்மலும் கையுமாகக் காது குத்தும் கண்ணாயிரம் ஆசாரி, "நல்ல நேரம் தாண்டிக்கினு இருக்குதுபா" என்றார். ஆதிகேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சபை பார்க்கிறதே என்றுகூடத் தோன்றவில்லை. குழந்தைக்குத் தான் வேண்டாதவனாகிவிட்டோமே என்பதுதான் உறுத்தியது.

அனு தாயின் கையிலிருந்து நழுவி ஓடினாள். நேரே சீர்த்தட்டுகளுக்கு நடுவே போய், மல்லிகைச் சரத்தை ஒதுக்கிவிட்டுக் கருப்புச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "டக்கு."

தேவகி போய்ப் பூட்டை மாட்டினாள். டக்.

"அடக் கடவுளே, நாற்காலியில ஒக்காந்துதான் காது குத்தணும்னா அப்புறம் மாமன்னு ஒருத்தன் எதுக்கு?" என்றாள் அம்சவேணி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆதிகேசவன் கண்ணைத் துடைத்தான். புது வேட்டியைச் சரி செய்துகொண்டு, மெத்தைமேல் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையைத் தட்டினான்.

"தூக்கி வை மாப்ளே. சீட்டோட."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் விமல்ராஜ் ஒரு பக்கம், தேவகி ஒரு பக்கம் பிடித்து, குழந்தையோடு சீட்டைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்கள். அம்மாடி, என்ன கனம்! அனு ஆசனத்தில் இருக்கிற அம்மன் மாதிரி மேலே இருந்து எல்லோரையும் பார்த்தாள். காதை மறைத்த சீட்டின் தலைப்பகுதியை ஆதிகேசவன் பின்பக்கத்து விசையை அமுக்கி மேலே ஏற்றினான். சந்தனம் பூசிய இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன.

"பேஷ்" என்றார் ஆசாரி. "மாமன் மடிதான்பா. நடுவுல கொஞ்சம் பிளாஸ்டிக் இருக்குது, அவ்ளோதான்."

சீட் பின்னால் சாய்ந்து அவன் மார்பை அழுத்தியது. இப்போது கவிழ்ந்துவிடுவோம் என்று நினைத்த நேரத்தில் யாரோ முழங்காலை அவன் முதுகில் கொடுத்து முட்டுக் கொடுத்தார்கள். "நல்லா புடிச்சிக்கோபா, நான் இருக்கறேன்" என்றது அம்சவேணியின் குரல். மேளம் முழங்கியது. முதல் காதுக்கு அனு வீலென்று கத்தி, பின்னால் கையை விட்டுத் துழாவி, அகப்பட்ட அவன் காதைப் பிடித்து முறுக்கினாள். இரண்டாவது காது முடிகிறவரை விடவே இல்லை. குழந்தையும் மாமனும் சேர்ந்து அலறியதில் கோயிலே சிரித்தது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது முன்சீட்டில் அம்சவேணி சட்டமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஒரு ஓரம் தேவகி, நடுவில் அனுவின் சீட், இந்த ஓரம் ஆதிகேசவன். வாழைப்பழச் சீப்பு, ஈரத்துண்டு, காலித் தாம்பாளம் என்று ஆளாளுக்கு அவன் மடியில் அடுக்கினார்கள். ஏரிக்கரை தாண்டுவதற்குள் அனுவுக்குக் கண் சொருகியது. சிவந்த காதில் புதுக் கம்மல் மினுங்க, வாருக்குள் தலை சாய்ந்தாள். தூக்கத்திலேயே ஒரு காலை நீட்டித் தாம்பாளத்தைத் தள்ளினாள். ஆதிகேசவன் சத்தம் வராமல் தாம்பாளத்தையும் பழத்தையும் துண்டையும் எடுத்துக் கீழே வைத்தான். கொலுசு போட்ட அந்தச் சின்னப் பாதம் அவன் மடியில் வந்து விழுந்தது. மண் ஒட்டியிருந்தது. அவன் துடைக்கவில்லை.