இரண்டாம் பாகம் எடுக்காதீர்கள்

வாரப் பத்திரிகையின் முப்பத்தெட்டாம் பக்கத்தைச் சிந்தாமணி நின்றபடியே படித்தாள். அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மதியம் ஒன்றரை மணி. சாப்பிடப் போன இன்னொரு ஆபரேட்டர் இன்னும் வரவில்லை. வாசகர்களுக்கான சினிமாக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். 'இரண்டாம் பாகம் எடுக்காதீர்கள்' என்று தலைப்பு. அடியில், செ. பச்சையம்மாள், பெரம்பலூர். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. "நம்ம பச்ச" என்று வாய்விட்டுக்கூடச் சொன்னாள். முதல் பத்தி முடிந்ததும் சின்னதாக ஒரு குழப்பம் வந்தது. இரண்டாம் பத்தியில் ஒவ்வொரு வரியும் தன் வாயிலிருந்து போனது என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் பத்தி, 'என் அப்பா மருதையாற்று வெள்ளத்தில் போனபோது எனக்கு ஒன்பது வயது' என்று ஆரம்பித்தது. சிந்தாமணி கையால் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

மருதையாற்றில் போனது அவளுடைய அப்பா.

பச்சையம்மாள் பெரம்பலூர் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இருவரும் நேரில் பார்த்ததில்லை. எழுபத்தொன்பதில் ஒரு வெங்காய மண்டிக்காரருக்கு லைன் கிடைக்காமல் இருவரும் காத்திருந்தபோது, பேச்சுவாக்கில் சினிமா வந்தது. அதிலிருந்து மதியத்தில் கூட்டம் குறைகிற அரைமணி நேரம் அவர்களுடையதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாக அரியலூரில் ஓடும் இங்கிலீஷ் படத்தின் பெட்டி, அடுத்த வாரம் பெரம்பலூருக்குப் போகும். சிந்தாமணி கணவன் சாமிதுரையைக் கூட்டிக்கொண்டு முதலில் பார்த்துவிடுவாள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த சாமிதுரை, பேய் அலறினாலும் எழாமல் தூங்குவான். முடிவை மட்டும் சொல்லாமல் மற்றதையெல்லாம் அவள் பச்சையம்மாளுக்குச் சொல்வாள். பாதி வசனம் புரியாது. புரியாதது ஒரு குறையாக இருவருக்கும் தோன்றியதே இல்லை.

படங்களைப் பற்றிச் சிந்தாமணிக்கு அசைக்க முடியாத அபிப்பிராயங்கள் இருந்தன. நோட்டீஸில் 'சாம்பல் மாளிகை' என்று போட்டு வந்த பேய்ப்படம் மூன்று பாகம் வந்தது. முதல் பாகத்தில் செத்தவளைக் காட்டவே இல்லை. மாடிப்படியில் ஈரக் காலடி, தானாகச் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு, அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் பல்லும் நகமுமாக முழுசாக வந்து நின்றாள். மூன்றாவதில் ஒரு கல்யாண வீட்டில் பாட்டுப் பாடினாள். "முழுசாக் காட்டிட்டா அது பேய் இல்ல பச்ச, வேஷம்" என்றாள் சிந்தாமணி. வேற்றுக் கிரகத்து ஆட்கள் வரும் வரிசை அதைவிட மோசம் என்பது அவள் கட்சி. முதல் படத்தில் அவர்கள் ஒரு சோளக் காட்டில் இறங்கி, ஒருபிடி மண்ணை அள்ளி மோந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிப் போவார்கள். அந்தக் காட்சியை நினைத்து அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த படத்தில் அதே ஆட்கள் துப்பாக்கியோடு வந்து ஊரைக் கொளுத்தினார்கள். "மண்ணை மோந்து பாத்துட்டுப் போனவனுக்கு எதுக்குத் துப்பாக்கி? எடுத்தவன் மொதப் படத்தையே பாக்கலயா?" பச்சையம்மாள் சிரித்துக்கொண்டே, அப்படியே இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள். இப்போது யோசித்தால், அந்தப் பக்கம் பேனா ஓடியிருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் நல்ல மழை. லைன் பாதி செத்துக் கிடந்தது. செத்தவர்கள் திரும்பி வருவதில் உங்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்று பச்சையம்மாள் கேட்டாள். யாரிடமும் சொல்லாததைச் சிந்தாமணி அன்றைக்குச் சொன்னாள். அப்பா அரியமுத்து குன்னத்துக்கு மாடு பார்க்கப் போய்த் திரும்பும்போது வெள்ளத்தில் போனவர். உடம்பு கிடைக்கவில்லை. அம்மா குஞ்சம்மாள் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று பதினோரு வருஷம் இருந்தாள். பிறகு ஒருநாள் தாடியோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான். அம்மா அவனை அடையாளம் கண்டுகொண்டதாக நினைத்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கோழி அடித்தாள். இருபது வயதுச் சிந்தாமணிக்குப் பார்த்த நிமிஷமே தெரிந்தது, அது அப்பா இல்லை என்று. அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். நாலாம் நாள் அவன் பித்தளைப் பானைகளோடு போய்விட்டான். "மூணு நாளு நானும் அவனை அப்பான்னு கூப்புட்டேன் பச்ச." அந்தப் பக்கமிருந்து, "இது எங்கிட்டயே இருக்கும்க்கா" என்று குரல் வந்தது.

மூன்று நாள் நானும் அவனை அப்பா என்று அழைத்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் அந்த வரி தடித்த எழுத்தில் இருந்தது.

அழைப்பு வந்ததற்கு அடையாளமாகப் போர்டில் பெரம்பலூர் லைனின் தகடு விழுந்தது. சிந்தாமணி இணைப்பு வயரைச் செருகினாள்.

"அக்கா, புக்கு வந்துருச்சா அங்க?"

"எந்த நம்பர் வேணும்?"

"அக்கா, நாந்தான்."

"நம்பர் சொல்லுங்க."

நாலு வருஷத்தில் அவளிடம் ஒருதடவையும் 'ங்க' போட்டதில்லை. அந்தப் பக்கம் லைன் போய்விட்டது.

வீட்டில் சாமிதுரை சாப்பிட்ட கையோடு பத்திரிகையைப் புரட்டினான். "உன் சினேகிதி பேரு இருக்கே" என்று எழுத்துக் கூட்டி முழுசும் படித்தான். அவள் அடுப்பைத் துடைப்பதுபோல் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, "பாவம் சிந்தா இந்தப் பொண்ணு. உங்கப்பா மாதிரியே இவ அப்பாவும் ஆத்தோட போயிருக்காரு. எவனையோ அப்பான்னு கூப்புட்டிருக்கு" என்றான். கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவளுக்காக அவன் அப்படிக் கலங்கிப் பார்த்ததில்லை. அவளுக்காக என்று தெரியாமலே கலங்கிவிட்டான். இனி இதை அவனிடம் சொன்னால், எங்கேயோ படித்ததைத் திருப்பிச் சொல்வது போலத்தான் இருக்கும். தன்னிடமிருந்து போனது எது என்று அப்போதுதான் அவளுக்குச் சரியாக விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை குன்னம் வழியாகப் பெரம்பலூர் போகும் பஸ்ஸில் ஏறினாள். என்ன கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனாள். துறையூர் ரோட்டில் அரிசி மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீடு என்று பச்சையம்மாள் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. கதவைத் திறந்தவள் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, நினைத்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏன் பச்ச?" அடுக்கி வைத்ததில் அது ஒன்றுதான் வந்தது.

பச்சையம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினாள். "மொதல்ல படத்தைப் பத்தி மட்டுந்தாங்க்கா எழுதுனேன். படிச்சுப் பாத்தா உசுரே இல்ல. உங்களுக்குச் சொல்ல ஒண்ணு இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு?"

"அதுக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரு பாப்பா?" என்றது.

அவளுடைய அப்பா செல்லமுத்து கூடத்தில் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தடித்த கைகள். அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷம். "அரியலூர் அம்மாவா, உக்காருங்க. உங்களைப் பத்திப் பேசாத நாளில்ல. எம்பொண்ணு பத்திரிகையில என்னைப் பத்தி எழுதியிருக்காளாம், பாத்தீங்களா? எனக்குப் படிக்கத் தெரியாது. இவளைக் கேட்டா அப்பறம் அப்பறம்னு தட்டிக் கழிக்கிறா. மில்லுல ஒரு பய, 'அப்பான்னு போட்டிருக்கு தாத்தா'ன்னு மட்டும் சொன்னான். நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

சிந்தாமணி பையிலிருந்து பத்திரிகையை எடுத்தாள். அதை முகத்துக்கு நேராக நீட்டிக் கேள்வி கேட்கத்தான் கொண்டுவந்திருந்தாள். முதல் வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. மூன்றாம் பத்தியை அப்படியே வாசித்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பச்சையம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். கிழவர் வேலையை நிறுத்திவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதுனவளே படிக்கட்டும்" என்று பத்திரிகையை நீட்டினாள்.

பச்சையம்மாள் வாங்கினாள். முதல் இரண்டு பத்தியை உள்ளபடியே படித்தாள். ஈரக் காலடி, சோளக்காடு, துப்பாக்கி. கிழவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். மூன்றாம் பத்தியில் குரல் நின்றது. பிறகு பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்தாள்.

"எங்க அப்பா என்னை முதமுதலா டூரிங் கொட்டாய்க்குத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. பேய் வந்தப்ப அவருதான் கண்ண மூடிக்கிட்டாரு. 'போயிருச்சா பாப்பா, போயிருச்சா'ன்னு என்னையக் கேட்டாரு. நான் போயிருச்சுன்னு பொய் சொன்னேன். அவரு கண்ணத் தொறந்ததும் எதுக்க நின்னுச்சு."

கிழவர் குலுங்கிச் சிரித்தார். "ஆமாம்மா, வாலிகண்டபுரத்துக் கொட்டாயி. தூக்கிவாரிப் போட்டுருச்சு எனக்கு."

சிந்தாமணிக்குக் காது சூடாயிற்று. நன்றாக இருந்தது. அந்த முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்த எதையும்விட நன்றாக இருந்தது. இதை எழுதியிருக்கலாமே. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு இவளுக்கு எதற்கு என் அப்பா என்று நினைத்தபோது, வந்தபோது இருந்ததைவிடக் கோபம் அதிகமாயிற்று, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.

உள்ளே, "அப்பறம்? இன்னும் என்ன எழுதியிருக்க?" என்று கிழவர் கேட்பது காதில் விழுந்தது. பக்கம் புரளும் சத்தம் வந்தது. சிந்தாமணி திரும்பிப் பார்த்தாள். கட்டுரை முடிந்து போயிருந்தது. புரட்டிய பக்கம் முழுக்க ஒரு கூந்தல் தைல விளம்பரம். பச்சையம்மாள் அந்த விளம்பரத்துப் பெண்ணின் நீளமான முடிமேல் விரலை வைத்து, வரி வரியாக நகர்த்தி, கண்ணாடிக்கு அடியில் நீர் வழிய, படித்துக்கொண்டே இருந்தாள்.