அவருடைய டிரைவர் சீட்டு

என் கணவரின் காருக்கு இரண்டு சட்டங்கள். சாவியை நான் தொடக் கூடாது. டிரைவர் சீட்டை நகர்த்தவே கூடாது. ஆறடி மனிதர், தன் காலுக்குத் தோதாகப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாராம்.

இந்த நாட்டுக்கு வந்த கையோடு தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள் நான். அவரோ ஊரிலிருந்து கொண்டுவந்த லைசென்ஸை வைத்தே காலத்தை ஓட்டினார். அது காலாவதியானதும், இங்கேயே தேர்வு எழுதி வாங்கிவிடுங்கள் என்று சொன்னேன்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? உன் லைசென்ஸ் அலமாரியில வைக்கத்தான் லாயக்கு" என்று விருந்தாளிகள் முன்னால் சிரித்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் மகள் மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அன்று அவர் நண்பரின் வண்டியில் ஆபீஸ் போயிருந்தார். கார் வாசலில் தண்டமாக நின்றது. மாற்றுச் சாவி எங்கே என்று போனில் கெஞ்சினேன்.

"இடிச்சு வைக்கவா? பேசாம பஸ்ல போ."

எந்த பஸ் என்றுகூடத் தெரியாமல், அலறும் பிள்ளையை அணைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் இன்றுவரை அணையவில்லை.

போன வாரம் அவர் பூட்டிக் கிடந்த மருந்துக்கடையின் கண்ணாடியில் காரைக் கொண்டுபோய் மோதினார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் காலாவதியான லைசென்ஸில் ஓட்டியவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சல்லிக்காசு தராது. காரும் கடையும் அவர் தலையில்தான் விடியும்.

"நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு, கண்ணு. உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே" என்று குழைந்தார்.

கண்ணாமே! நான் வாயே திறக்கவில்லை. சரி என்றதாக அவரே நினைத்துக்கொண்டு கம்பெனிக்கு எழுதிப் போட்டார்.

சேதத்தைப் பார்க்க கம்பெனி ஆள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"இவதான் சார் ஓட்டினா. பொம்பளைங்க ஓட்டினா இப்படித்தான்" என்றார் கணவர். அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் விழுங்கியிருக்கலாம்.

"உட்காருங்கம்மா, எப்படி பிரேக் போட்டீங்கன்னு காட்டுங்க."

உட்கார்ந்தேன். காலை எட்டி நீட்டியும் பிரேக் இன்னும் ஒரு சாண் தள்ளியே இருந்தது. கம்பெனி ஆள் என் காலைப் பார்த்தார், பிறகு கணவரின் உயரத்தைப் பார்த்தார்.

"மோதினதுக்கு அப்புறமா சீட்டை யாராவது நகர்த்தினீங்களா?"

"அதைத் தொடக் கூடாதுன்னு எங்க வீட்ல சட்டம் சார். நான் இந்த வண்டியை ஒரு தடவைகூட ஓட்டினதில்ல. இவர்தான் ஓட்டினார்."

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ வயிறு குளிர்ந்தது.

வெளியே வந்ததும், "மானத்தை வாங்கிட்டியேடி!" என்று பல்லைக் கடித்தார். பஸ் நிறுத்தம் வந்ததும் குரல் இறங்கியது. "வீட்டுக்கு எந்த பஸ்?"

"அன்னைக்கு எனக்கும் தெரியல. நாலு பேரைக் கேட்டேன். நீங்களும் கேளுங்க."

வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் தெருவின் எதிர்ப்பக்கத்தில் யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.