நாலு விரல் இடைவெளி

தையல்காரி வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அடியோடு அறுத்து முடித்தார்கள், மரம் விழவில்லை. ரம்பக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு, தன் ஆட்கள் இருவரோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை காத்திருந்தார். அடிக்கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. குனிந்து பார்த்தால் அதன் வழியாகப் பக்கத்து வீட்டின் நீலச் சுவர் தெரிந்தது. சந்தேகத்துக்கு ஒரு கயிற்றை இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் உருவிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. "முப்பது வருஷமா மரம் அறுக்குறேன். சாஞ்சதப் பாத்திருக்கேன், சிக்கிக்கிட்டதப் பாத்திருக்கேன். இப்படிப் பெரிய மனுஷன் மாதிரி நிக்குறத இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டார். மூன்று மணி வாக்கில் ஒரு பூனை அந்த இடைவெளியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

மரத்தை வெட்ட விண்ணப்பித்தவள் தையல்காரிதான். வீடு அவளுக்கும் அண்ணனுக்கும் பொது. பின்னறையில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்து அவள் தொழில் நடத்தினாள். மரத்தின் வேர் அந்த அறையின் சுவருக்கு அடியில் போய் அதை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. விரிசலில் முதலில் நூல் போனது, பிறகு ஊசி போனது, பிறகு கத்தரிக்கோல் போனது. கத்தரிக்கோல் போன அன்று விண்ணப்பம் எழுதினாள். அண்ணனின் கையெழுத்து, மூன்று பிரதிகள், மரம் எந்தத் திசையில் விழும் என்ற விவரம், விழுந்த தொண்ணூறு நாளுக்குள் இரண்டு கன்றுகள் நடுவதாக உறுதிமொழி, எல்லாம் கேட்டார்கள். மரத்தின் பெயர் யாருக்கும் தெரியாததால் அந்த இடத்தில் 'இதர' என்று எழுதப்பட்டது. கொல்லையின் வரைபடத்தை அவளே அளவுநாடாவால் அளந்து போட்டாள். பழக்கதோஷத்தில் மரத்தைச் சுற்றித் தையலுக்கு அரை அங்குலம் விட்டிருந்தாள். அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பதினான்கு மாதங்களில் அனுமதி வந்தது.

அனுமதி வந்தாலும் முத்திரை விழாமல் ரம்பம் தொடக்கூடாது. வன அலுவலகத்தின் முத்திரைச் சுத்தியலைச் சுமப்பவரை ஊரில் எல்லோரும் முத்திரைக்காரர் என்றுதான் அழைத்தார்கள். மரத்தின் பட்டையை உள்ளங்கை அகலத்துக்குச் சீவி, அங்கே சுத்தியலை ஓங்கி அடித்தால் அரசாங்கத்தின் வட்ட முத்திரை பதியும். ஒரு மரத்துக்கு இரண்டு அடி. நெஞ்சு உயரத்தில் ஒன்று, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்று. மேல் முத்திரை மரத்தோடு போய்ச் சோதனைச் சாவடியில் பதில் சொல்லும். கீழ் முத்திரை அடிக்கட்டையில் தங்கி, வெட்டியது திருட்டல்ல என்று சாட்சி சொல்லும். பதினெட்டு வருடப் பணியில் முத்திரைக்காரர் ஆயிரக்கணக்கான மரங்களை அடித்திருக்கிறார், ஒன்றில்கூடப் பிசகியதில்லை. தையல்காரி வீட்டில் குனிந்து கீழே அடித்துவிட்டு நிமிர்ந்தார். அவள் வாயில் இரண்டு குண்டூசிகளைக் கடித்தபடி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். ஊசிகளை எடுக்க மறந்து ஏதோ சொன்னாள், அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். "வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வந்து உக்காருங்கன்னேன்." உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். படிவத்தில் இரண்டு அடி என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மேல் அடி விழவே இல்லை. ரம்பக்காரர்கள் கீழ் முத்திரையை மட்டுமே பார்ப்பது வழக்கம், அதனால் அறுக்க வந்தவருக்கும் தெரியவில்லை.

ஆக, அடிக்கட்டைக்கு அனுமதி இருந்தது, மரத்துக்கு இல்லை. மரம் தன் வரையில் சட்டப்படி நடந்துகொண்டது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் தையல்காரி. மரம் விழாத மூன்றாம் நாள், துணி காயப்போடக் கொடி கட்டப் போனவள் நெஞ்சு உயரத்தில் பட்டை முழுசாக இருப்பதைப் பார்த்தாள். கூடவே, விழுந்த மரத்தில் முத்திரை குறைந்தால் அடித்தவரின் சுத்தியலையும் வேலையையும் பறித்துவிடுவார்கள் என்பதும் அனுமதித் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. தையல்காரி கண்ணுக்குப் பொடி எழுத்து பெரிதல்ல. அன்று மாலை, தைக்கக் கொடுத்தவர் வாங்க வராமல் கிடந்த ஒரு பழுப்பு நிறக் கோட்டை எடுத்துவந்து, மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, சரியாக அந்த உயரத்தில் தொங்கவிட்டாள். அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "மரத்துக்குக் குளிருதாக்கும்" என்றாள். "காயப் போட்டிருக்கேன் அண்ணி." "நனையாத கோட்டையா?" அதற்குமேல் அண்ணி கேட்கவில்லை. கேட்காமலே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் பெண் அவள்.

அலுவலகத்தில் கோப்பு திணறியது. படிவத்தில் 'வெட்டி வீழ்த்தப்பட்டது' என்று ஒரே கட்டம்தான் இருந்தது. வெட்டப்பட்டதை ஒரு கட்டத்திலும் வீழ்ந்ததை இன்னொரு கட்டத்திலும் எழுத வழியில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். மரம் விழும்வரை கோப்பைத் திறந்தே வைக்கவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரையிட்டவரே நேரில் போய் ஆய்வு செய்யவும் என்று பதில் வந்தது. கன்று நடும் விஷயத்திலும் சிக்கல். விழுந்த தேதி இல்லாததால் தொண்ணூறு நாள் தொடங்கவில்லை. தையல்காரி வாக்குக் கொடுத்த குற்றத்துக்கு இரண்டு கன்றுகளை வாங்கி வேலியோரம் நட்டுவிட்டாள். அவை வாடவும் இல்லை, வளரவும் இல்லை. கன்றுக்கு நாலு இலை, முழங்கால் உயரம், அப்படியே நின்றன. தேதிக்காகக் காத்திருக்கின்றன என்று முத்திரைக்காரர் குறிப்பில் எழுதினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இப்படி ஆறு வருடங்கள் போயின, இருபத்து நாலு ஆய்வுகள் நடந்தன. மரம் காற்றில் ஆடியது, தளிர்த்தது, இலை உதிர்த்தது. தண்ணீர் எங்கிருந்து குடித்தது என்று யாரும் ஆராயவில்லை. வேரோடு தொடர்பு அறுந்ததால் சுவர் விரிசல் வளர்வது நின்றுவிட்டது. ஆகவே வீட்டில் யாருக்கும் புகார் இல்லை. முத்திரைக்காரர் ஆய்வு நாளில் பத்து மணிக்கு வருவார். இடைவெளியில் கையை நுழைத்து, "நாலு விரல்" என்று எழுதுவார். தலைக்கு நேரே கோட்டு தொங்கும், அதைப் பார்க்கமாட்டார். இரண்டாம் ஆய்விலேயே, காற்றில் கோட்டு ஒருமுறை விலகியபோது, தன் பிழை அவருக்குத் தெரிந்துவிட்டது. கோட்டு ஏன் அங்கே தொங்குகிறது என்பதும் அதே நொடியில் தெரிந்துவிட்டது. இடுப்பில் சுத்தியல் இருந்தது. ஒரே அடி, முடிந்திருக்கும். ஆனால் அடித்தால் மரம் விழும், கோப்பு மூடப்படும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கொல்லைக்கு வர அரசாங்கம் அவரை அனுப்பாது. கையை எடுத்து, நாலு விரல் என்று எழுதிவிட்டு, தேநீர் குடிக்க உட்கார்ந்தார்.

"நாலு விரலை அளக்க நாலு மணி நேரமா?" என்று அண்ணி ஒவ்வொரு முறையும் கேட்பாள். "அரசாங்க அளவுங்க, அவசரப்படக் கூடாது" என்பார் அவர். தையல்காரி தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் இயந்திரத்தில் நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டிருப்பதை அண்ணி இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். தையல்காரிக்கு அப்போது முப்பத்து நாலு வயது, முத்திரைக்காரருக்கு நாற்பத்தொன்று. இடையில் இரண்டு இடங்களிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு தடவையும் அவள், "முதல்ல மரம் விழட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். ஊரில் கல்யாணத்தைத் தள்ளிப்போட ஆயிரம் காரணம் சொல்வார்கள், அதில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அண்ணன்தான் ஒருநாள் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "நீ எப்பத்தான் விழுவ?" என்று கேட்டார். மரத்துக்கு அது கேட்டிருந்தாலும் அதற்கு அதிகாரம் இல்லை.

ஏழாம் வருடத் தொடக்கத்தில் வன அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தாத அம்மா. ஐந்து வருடத்துக்கு மேல் திறந்திருக்கும் கோப்புகளை எல்லாம் மாத முடிவுக்குள் மூடவேண்டும் என்று உத்தரவிட்டு, கடினமானவற்றைத் தானே நேரில் பார்க்கக் கிளம்பினார். தையல்காரி வீட்டுக்கு அவர் வந்தபோது முத்திரைக்காரர் பின்னால் சுத்தியலோடு நடந்து வந்தார். அதிகாரி குனிந்து இடைவெளியைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், கீழ் முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அந்தக் கோட்டை எடுங்க" என்றார்.

"அது வேற ஒருத்தரோடது மேடம். அவர் வந்துதான் எடுக்கணும்" என்றாள் தையல்காரி.

"எப்பக் குடுத்தார்?"

"ஆறு வருஷம் ஆச்சு."

"அளவு சரியில்லைன்னு அலைய விட்டுட்டோம் மேடம்" என்று அண்ணி வாசற்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

அதிகாரி கையை நீட்டுவதற்குள் முத்திரைக்காரர் முன்னால் வந்து, கயிற்றை அவரே அவிழ்த்து, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பட்டை பச்சையாக, முழுசாக இருந்தது. "மேல அடிக்கல மேடம். அன்னிக்குத் தண்ணி குடிச்சேன், மறந்துட்டேன்." அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சொம்புத் தண்ணி மேடம்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. சுத்தியலை நீங்களே வாங்கிக்கங்க."

அதிகாரி சுத்தியலை வாங்கவில்லை. பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, கொல்லையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கால் மணி நேரம் படித்தார். விழுந்த மரத்தில் முத்திரை குறைந்தால்தான் குற்றம். இது விழாத மரம், ஆகவே குற்றம் இன்னும் நடக்கவில்லை. இரண்டு அடிகளும் ஒரே நாளில் விழவேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. "இப்ப அடிங்க" என்றார். "இன்னிக்கே மூடிடலாம்."

தையல் இயந்திரங்களை முன்னறைக்குத் தூக்கிப் போனார்கள். முத்திரைக்காரர் பட்டையைச் சீவினார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார். மரம் வீட்டின்மேல் சாய்ந்துவிடும் என்று பயப்படுகிறார் என அண்ணன் நினைத்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரிக்கு மட்டும் தெரிந்தது. ஆறு வருடமாக மிதித்த வெற்று இயந்திரங்களின் சத்தம் எல்லாம் அவள் காதில் கேட்டது. பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"அடிங்க. இனிமே வர்றதா இருந்தா காகிதம் இல்லாம வாங்க."

அடித்தார். முத்திரை ஆழமாகப் பதிந்தது. மரம் ஒருமுறை சிலிர்த்தது. பூனை எழுந்து வெளியே போக அது பொறுத்திருந்தது, பிறகு விழுந்தது. விண்ணப்பத்தில் எழுதிய வடகிழக்கில் அல்ல, வீட்டின்மேலும் அல்ல. நேராகக் கீழே, நாலு விரல் தூரம் விழுந்து, தன் அடிக்கட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டது. வாசலில் ஒரு கதவை மெதுவாகச் சாத்தியது போலச் சத்தம் வந்தது. ஐந்து நிமிடத்தில் அறுத்த கோடு மறைந்துவிட்டது. அதிகாரி படிவத்தில் வீழ்ந்த தேதி, நேரம் இரண்டையும் எழுதினார். வீழ்ந்த திசை என்ற இடத்தில் 'கீழே' என்று எழுதினார். எவ்வளவு தூரம் விழவேண்டும் என்று விதியில் இல்லாததால் கோப்பு அன்றே மூடப்பட்டது. மீண்டும் வெட்டவேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முத்திரைக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சீருடை இல்லாமல், கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார். கதவைத் திறந்த அண்ணி, "இன்னிக்கு என்ன அளக்கப் போறீங்க?" என்று கேட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த வருடமே கல்யாணம் நடந்தது. தேதி கிடைத்த கன்றுகள் ஆறு வருட வளர்ச்சியை ஒன்பது நாளில் முடித்தன. மனைவி வீட்டுக் கன்றுகளைக் கணவர் ஆய்வு செய்யக்கூடாது என்பதால் வேறொருவர் வந்து 'நல்ல வளர்ச்சி' என்று எழுதிப்போனார். கோட்டுக்காரர் அடுத்த மாதம் வந்தார். ஒரு பக்கம் வெளுத்திருப்பதாகச் சொன்னார், ஆனால் அளவு சரியாக இருந்ததால் வாங்கிக்கொண்டு போனார்.

வேருக்கு மறுபடி உயிர் வந்ததால் சுவர் விரிசல் வருடத்துக்கு ஒரு நூல் அளவு வளர்கிறது. விண்ணப்பிக்கலாமா என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார். தையல்காரி இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கத்தரிக்கோலை இப்போது அந்த விரிசலில்தான் செருகி வைக்கிறாள். கைக்கு வசதியாக இருக்கிறது.