மிளகாயில் அரைத்த பெயர்

குட்டை வெட்டும் வேலைக்குப் போன கோரைப்பள்ளம் காலனிக்காரர்கள் சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், காலனி போர்வெல்லில் மோட்டாரைக் காணோம். பைப்பும் இல்லை, கேபிளும் இல்லை. குழாயின் வாயில் எவனோ ஒரு கிழிந்த சாக்கைத் திணித்துவிட்டுப் போயிருந்தான். பட்டப்பகலில் நடந்த வேலை. நூறுநாள் வேலைக்கென்று காலனியே ஊருக்கு அந்தக் கடைசியில் கிடந்ததால் கண்ணால் பார்த்தவர் ஒருத்தருமில்லை.

அந்த போர் சும்மா வந்ததில்லை. மூன்றாவது வார்டு மெம்பர் அன்புக்கரசி, ஊராட்சி அலுவலகத்துக்கும் பி.டி.ஓ. ஆபீசுக்கும் செருப்புத் தேய நடந்து கொண்டுவந்தது. அதற்கு முன்னால் காலனிக்கு ஆற்றுக் குடிநீர் வந்தால் உண்டு, வராவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்து வாசலில் நின்று கெஞ்ச வேண்டும். போரில் முதல் தண்ணீர் பீறிட்ட அன்றைக்குப் பெண்கள் அவளைப் பிடித்து நனைத்த நனைப்பில் சேலையெல்லாம் சேறு. மெம்பரானதற்கு அவள் கண்ட சுகம் அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது எவனோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையிலேயே தலைவர் ஆளனுப்பினார்.

தலைவர் என்று ஊர் கூப்பிடுவது திருமலைசாமியை. அலுவலகப் பலகையில் இருப்பதோ அவர் மனைவி வெங்கடலட்சுமியின் பெயர். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. ஓட்டு வாங்கியது அந்தம்மா, நாற்காலியில் உட்கார்ந்தது இவர். இந்தக் கூத்து எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் இப்போது சிரிப்புக்கூட வருவதில்லை.

"வா அம்மணி, உக்காரு" என்றார் திருமலைசாமி.

இத்தனை வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே அவள் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே சுதாரித்தாள்? மரியாதையைக் கண்டதும் மனுஷர்களுக்குப் புத்தி மழுங்கிப்போகிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"போலீசுக்குப் போலாமுங்க. ஒரு பெட்டிசன் எழுதிக் குடுத்துப்போடலாமுங்க" என்றாள்.

"தாராளமாப் போலாம். நானே போன் அடிக்கறேன். ஆனா ஒண்ணு யோசிச்சயா? போலீசு வந்தா மொதல்ல யாரைத் தூக்குவான்? மோட்டார் ரூம் சாவி வெச்சிருக்கறவனைத் தூக்குவான்." குரலைத் தாழ்த்தினார். "தண்ணி உடற சாமுவேலு உங்காளு. புள்ளகுட்டிக்காரன். அவன் பண்ணுன வேலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்காத. காலனிக்குக் கெட்ட பேரு வேண்டாம்னுதான் உன்றகிட்ட மட்டும் சொல்றேன். வெளிய உட்டுப்போடாத. புது மோட்டாருக்கு மேல எழுதி நான் வாங்கியாரேன்."

அன்புக்கரசிக்கு நம்ப முடியவில்லை. சாமுவேலா? தண்ணீர்த் தொட்டியையும் வால்வுகளையும் தன் சொந்தச் சொத்தாகப் பார்க்கிற மனுஷனா? ஆனால் சாவி அவனிடம்தானே இருக்கிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்க வேண்டுமென்றால் சங்கிலி மாட்டிய வண்டி வேண்டும், நாலு ஆள் வேண்டும். சாமுவேலிடம் இருப்பது ஒரு ஓட்டை சைக்கிள். ஆனால் அவனுக்குத் தெரியாத மோட்டார் மெக்கானிக் கோயமுத்தூரில் உண்டா? இப்படிக் கேள்வியும் அவளே, பதிலும் அவளே. வீடு வந்து சேர்வதற்குள் சாமுவேல் திருடனாகிவிட்டான்.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அதற்குத் தீனி தேடி வெளியே போக வேண்டியதில்லை. தானாகவே வந்து சேரும். அன்றிலிருந்து சாமுவேல் அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டான். அவள் வருவதைக் கண்டால் சைக்கிளை அடுத்த சந்தில் திருப்பினான். அவன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். எங்கிருந்து வந்தது பெயின்ட்? மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கேட்கிற சாக்கில் ஒருநாள் அவன் வீட்டுக் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பைப் ஒன்றுமில்லை. விற்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணில் பட்டாலும் திருடன், படாவிட்டாலும் திருடன் என்றால் அந்த மனுஷன் எங்கேதான் போவான்?

இன்னொன்றும் அவள் கவனித்தாள். திருமலைசாமியின் தென்னந்தோப்பில் இப்போது காலனிப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர் பெரிய மனது பண்ணித் தண்ணீர் விட்டார். அந்த வரிசைக்கு அன்புக்கரசி போனால் பேச்சு பட்டென்று நின்றுவிடும். ஒருத்தி குடத்தைக் கழுவுவாள், ஒருத்தி சும்மாட்டை அவிழ்த்துச் சுற்றுவாள். எல்லாரும் சாமுவேலோடு கூட்டு, தெரிந்தேதான் மறைக்கிறார்கள் என்று அவளுக்கு வயிறெரிந்தது. யாருக்காக அலைந்தேன், எனக்கே மறைக்கிறார்களே என்று கதிரிடம் அழுதாள். கதிர் அவள் புருஷன், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவன். அவன், "உனக்கெதுக்கு இந்த மெம்பர் கருமாந்தரம்" என்றதோடு சரி.

கடைசியில் ஒருநாள் சாமுவேலைத் தொட்டியடியில் மடக்கிவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, மோட்டார் ரூம் சாவி எங்கீங்க?"

சாமுவேல் அரைஞாணில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் காட்டினான். "இங்கதானுங்க இருக்குது மெம்பரே. எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் என்ற வாயிலிருந்து வராதுங்க."

இதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த வெள்ளிக்கிழமை அன்புக்கரசி பொள்ளாச்சி போய் ஆனைமலைக்கு பஸ் ஏறினாள்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு எதற்குப் போவார்கள் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பொருள் தொலைந்தால், பாகப்பிரிவினையில் பங்காளி வஞ்சித்தால், கோர்ட்டுக்குப் போக வக்கில்லாதவர்கள் வரமிளகாய் வாங்கி அங்கே அரைப்பார்கள். அரைத்ததை நீதிக்கல்லில் பூசி, கெடுத்தவன் பெயரைச் சொல்லிவிட்டு வருவார்கள். மிளகாயின் எரிச்சல் அம்மனுக்கு, அது அடங்கும்வரை பெயருக்குரியவனுக்குத் தூக்கமில்லை. விளையாட்டுக்குச் செய்கிற காரியமில்லை. அன்புக்கரசிக்கும் பயம்தான். கடையில் மிளகாய்ப் பொட்டலம் வாங்கும்போது சாமுவேலின் சின்னப் பெண் முகம் ஞாபகம் வந்தது. வந்தாலும் வாங்கினாள்.

கல்லுக்குப் போகும் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். பார்த்தால் மாரியாத்தாள்! அடுத்த வீதி. கதிருக்கு அத்தை முறை. காது மந்தம்.

"அத்தை! நீங்களுமா? மோட்டாருக்குத்தானுங்களா?"

மாரியாத்தாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆமா கண்ணு" என்றவள் முந்தானைக்குள் பொட்டலத்தை ஒளித்தாள்.

அன்புக்கரசிக்குக் கண் கலங்கியது. காலனியில் ஒருத்திக்காவது தன்னைப் போல வயிறெரிகிறதே என்று ஆறுதல். கிழவியின் முறை வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கியவள், குழவியைப் பிடிக்க முடியாமல் திணறினாள். பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம் ஆகட்டுமுங்க" என்று நெருக்கினார்கள்.

"குடுங்கத்தை, நான் அரைச்சுத் தாரேன்."

"ஐயோ, வேண்டாம் கண்ணு. நீ அரைக்கக் கூடாது. நானே அரைச்சுக்கறேன்."

"அட, உடுங்க அத்தை. உங்களுக்கு நான் அரைக்காம யாரு அரைப்பா?"

பொட்டலத்தைப் பிடுங்கிக் கொட்டி, தண்ணீர் தெளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தாள். நெடி ஏறித் தும்மினாள். நாசமாகப் போக, நாசமாகப் போக என்று உள்ளுக்குள் சொல்லிச் சொல்லி மசிய அரைத்தாள். மாரியாத்தாள் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது மிளகாய் நெடியால் என்றுதான் அன்புக்கரசி நினைத்தாள்.

அரைத்ததை வழித்துக் கிழவியின் கையில் கொடுத்தாள். மாரியாத்தாள் நீதிக்கல்லில் அதைப் பூசிவிட்டுக் கண்ணை மூடி முணுமுணுத்தாள். காது மந்தமானவர்களுக்கு எது முணுமுணுப்பு, எது பேச்சு என்று தெரிவதில்லை. முன்னும் பின்னும் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"அன்புக்கரசி. மூணாவது வார்டு மெம்பரு அன்புக்கரசி. நீயே பாத்துக்க ஆத்தா."

அன்புக்கரசிக்கு முதலில் கோபம் வரவில்லை. கை எரிந்தது, அது மட்டும்தான் தெரிந்தது. தனக்குத் தானே அரைத்திருக்கிறாள். யாரோ பின்னாலிருந்து, "நகருங்கம்மா, உங்களுக்குப் பூசோணுமா வேண்டாமா?" என்றார்கள். அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் வரிசையை விட்டு வெளியே வந்து மதில் ஓரமாக நின்றாள். மாரியாத்தாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"உன்றகிட்ட குடுக்க மாட்டேன்னு சொன்னனே கண்ணு. கேட்டயா நீ?"

"நான் மோட்டாரை எடுத்தேன்னு யாருங்கத்தை சொன்னது?" காதருகே போய்க் கேட்டாள்.

"அது எதுக்கு இப்போ..."

"சொல்லுங்க!"

"தலைவருதான். நீ புருசன் வண்டியில ஏத்தி வித்துப்போட்டியாமா. பொம்பளப்புள்ள, போலீசுன்னு போனா மானம் போயிரும், வாயத் தெறக்காதீங்கன்னாரு. உனக்காகத்தான் நாங்க அத்தனை பேரும் பேசாம இருந்தோம். எனக்குத்தான் மனசு ஆறலை. தண்ணி குடுத்தவளே பிடுங்கிப்போட்டாளேன்னு ஆத்தாகிட்ட வந்தேன்."

அன்புக்கரசி போனை எடுத்தாள். மிளகாய்க் கை, திரையெல்லாம் சிவப்பு. சாமுவேல் எடுத்ததும் அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சாமுவேலண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மோட்டாரை எடுத்தது யாருன்னு உங்களுக்குச் சொன்னாங்க?"

"உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேனுங்க மெம்பரே, கர்த்தர் சத்தியமா. கதிரு ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிப்போட்டான். நீங்க போர் கொண்டாந்தவங்க. சாவி என்றகிட்ட இருந்ததுன்னு சொல்லிப் பழியை நானே ஏத்துக்கலாம்னுகூட இருந்தேனுங்க."

"யாரு சொன்னதுங்க?"

"தலைவருங்க. எங்கிட்ட மட்டும்தான் சொன்னாருங்க."

போனை வைத்த அன்புக்கரசி அழுதாள். திருமலைசாமியின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த அவமானம் பெரிது. தன்னைத் திருடி என்று நம்பியும் சாமுவேல் காப்பாற்றப் பார்த்திருக்கிறான். அவளோ அவன் பெயரைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னதற்காக!

கிழவிக்கு எல்லாவற்றையும் சத்தம் போட்டு விளக்க வேண்டியிருந்தது. பாதி கேட்டதுமே மாரியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட கெரகமே! அன்னைக்கு வேலைக்கு ஒருத்தர் உடாம குட்டைக்குப் போகோணும்னு வீதி வீதியா வந்து சொன்னதும் அந்தாளுதானே! அவரு என்னைக்கு நம்ம காலனிக்குள்ள கால் வெச்சாரு? எனக்கு அப்பவே தோணியிருக்கோணும்." சட்டென்று அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. "ஐயோ, உன்ற பேரைச் சொல்லிப் பூசிட்டனே!" என்று மறுபடி உள்ளே ஓடினாள்.

அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். கிழவி முந்தானையால் கல்லைத் துடைக்கப் போனாள். கோயில்காரர் ஒருவர் தடுத்து, பூசினதை எடுக்கக் கூடாதும்மா என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டார். இதற்கெல்லாம் அஞ்சுகிறவள் இல்லை என்று அன்புக்கரசி தன்னைத் தானே தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. பயமாகத்தான் இருந்தது.

"எடுக்க உட மாட்டேங்கறாங்க கண்ணு" என்று மாரியாத்தாள் விம்மினாள். "உன்ற பொட்டலம் இருக்குதல்ல? குடு. அந்தாளு பேரைச் சொல்லி அரைச்சுப்போடலாம்."

"அவரு எடுத்ததை நீங்க பாத்தீங்களா அத்தை?"

"பாக்கலை."

"நானும் பாக்கலை. பாக்காம பேர் சொன்னதுக்கு இன்னைக்கு நாம பட்டது போதும். வாங்க, நேரா ஸ்டேஷனுக்குப் போலாம். சாமுவேலண்ணனையும் அங்க வரச் சொல்றேன்."

மாரியாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு கையும் எரிந்தது.

"அங்க போயி யாரு பேரைச் சொல்றது கண்ணு?"

"யாரு பேரும் வேண்டாமுங்க. காலனி மோட்டாரைக் காணோம்னு சொல்லுவோம். இத்தினி நாளா நம்ம ஊர்ல அதை மட்டும்தான் ஒருத்தரும் சொல்லலை."