ஆறவைக்கும் அறை

இணைய மன்றத்தை மூடப்போவதாகத் தலையாரி அனுப்பிய மின்னஞ்சல், அவள் கடையின் பின்கட்டில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

"மீன்தொட்டி மன்றம் இந்த மாதக் கடைசியில் மூடப்படும். படமோ எழுத்தோ வேண்டுமென்றால் அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் விடாமல் சண்டை போட்டதற்கு நன்றி."

கடைசி வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு முறை படித்தாள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே சக்கரம், நகக்கண்ணில் அதே வெள்ளைத் தூள். ஆனால் ஒரு காலத்தில் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது. மன்றத்தில் அவள் 'நத்தை'. சேர்ந்த அன்றைக்குத் தொட்டிக் கண்ணாடியில் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது, அதையே பெயராகக் கொடுத்துவிட்டாள். அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோபம் வந்தால் மட்டும், "நத்தையம்மா, கொஞ்சம் கூட்டுக்கு வெளியே வர்றீங்களா? சோறு ஆறுது," என்பார்.

அது ஒரு பைத்தியக்காரக் காலம்தான். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கணினி இருந்தது. இணையம் கிடைப்பதற்குள் தொலைபேசிக் கம்பி கொக்கரித்துக் கொக்கரித்து வீட்டையே கூப்பிடும். வேலை முடிந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே போனால் அத்தனை பேரும் இருப்பார்கள். யாருக்கும் யார் முகமும் தெரியாது. ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் மீன் கடை தேடுவார். கல்லூரி விடுதியில் வார்டனுக்குத் தெரியாமல் ஊறுகாய் ஜாடியில் ஒற்றை மீன் வளர்த்த ஒரு பெண் இருந்தாள். எல்லோருக்கும் மேலே தலையாரி. தொழில் பல் வைத்தியம். மன்றத்தைத் தொடங்கியவர் அவர்தான். காவல் காக்கிறவர் என்பதால் மற்றவர்கள் வைத்த பெயர் அது.

ஒருமுறை பதினொரு மணி நேரம் மின்சாரம் போயிற்று. காற்று மோட்டார் நின்று, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்க, அவள் தெருமுனை இணையக் கடைக்கு ஓடிப்போய், "ஐயோ, என்ன செய்ய?" என்று எழுதினாள். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தே நிமிடத்தில் நான்கு பதில்கள். குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்று, விழுகிற தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்றார்கள். அவளும் கணவரும் முறை வைத்துக்கொண்டு தோள் கழன்றுபோகும் வரை ஊற்றினார்கள். ஒரு மீன்கூடச் சாகவில்லை. மறுநாள் நன்றி சொல்லி எழுதியபோது அவளுக்குக் கண் கலங்கியது. முகம் தெரியாத நான்கு பேர்!

அந்த நாலு பேரில் ஒருவர் 'கெளுத்தி'. அதை அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள்.

கெளுத்தி என்றால் அவளுக்கு நினைவில் நின்றது சண்டை மட்டும்தான். வாரம் தவறாமல் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும் என்பது அவள் கட்சி. செடியை நெருக்கமாக நட்டு, மீனைக் குறைவாக விட்டால் மாதக்கணக்கில் தண்ணீரைத் தொடவே வேண்டாம் என்பது அவர் கட்சி. இதற்குப் போய் நான்கு வருடம்! மன்றமே இரண்டாகப் பிரிந்து, வாளி கட்சி, செடி கட்சி என்று நின்றது. யாரோ புதிதாக வந்து மீனுக்கு என்ன தீனி போடலாம் என்று கேட்டால்கூடப் பத்தாவது பதிலில் நத்தையும் கெளுத்தியும் கட்டிப் புரள்வார்கள். கேட்டவர் ஓடியே போயிருப்பார்.

தலையாரி கண்டித்தார், யாரும் பதில் எழுத முடியாதபடி பேச்சைப் பூட்டினார், ஒரு வாரம் இருவரையும் வெளியே நிறுத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு தனிப் பகுதி திறந்தார். பெயர், ஆறவைக்கும் அறை. சண்டை போட வேண்டுமென்றால் அங்கேதான். அங்கே எழுதுவது உடனே யார் கண்ணிலும் படாது, ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கும். அதற்குள் எழுதியவர் மனசு மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

"நான் தினம் வலியில கத்துறவங்களைப் பார்க்கிறேன்," என்று விளக்கம் எழுதியிருந்தார். "மரத்துப்போற ஊசி போட்டுட்டுக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைப்பேன். திரும்பி வரும்போது அதே ஆள் மரியாதையாப் பேசுவார்."

அதிலிருந்து மன்றம் ஓரளவு அடங்கியது. நத்தை மட்டும் அடங்கவில்லை. எழுதியதை எடுப்பதாவது! ஒரு மணி நேரம் காத்திருந்து, தன் பதில் வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள். பிறகு ஒருநாள் கெளுத்தி வருவது நின்றுபோயிற்று. தான் ஜெயித்துவிட்டதாகக் கணவரிடம் சொன்னாள். அடுத்த வருடங்களில் மகன் பிறந்தான், வீடு மாறினார்கள், தொட்டியை வைக்க இடமில்லை. எட்டு வருடமாக அவள் மன்றத்தின் பக்கமே போகவில்லை.

வாராந்தர விடுமுறை நாளில், காலைச் சமையலை முடித்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். தன் பழைய தொட்டியின் படங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவதாகத்தான் இருந்தாள். ஆனால் பழைய பக்கங்களுக்குள் நுழைந்தவள் அவ்வளவு லேசில் வெளியே வருவாளா? ஊறுகாய் ஜாடிப் பெண்ணின் மீன் செத்ததும், அதற்கு முப்பது பேர் துக்கம் கேட்டதும் அங்கே இருந்தது. லாரிக்காரர் பழைய டயருக்குள் பிளாஸ்டிக் விரித்துக் குட்டை கட்டிய படம் இருந்தது. ஒவ்வொன்றும் அப்படியே, நேற்று எழுதியதுபோல. அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

சண்டையை வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தாள். விருந்தில் பிடித்த பண்டத்தை ஓரமாக ஒதுக்கி வைப்பதுபோல.

முதல் பக்கத்திலேயே ஒரு சின்ன உறுத்தல். அவள் நினைவில், முதலில் வம்புக்கு வந்தவர் அவர். 'வாளியம்மா' என்று கேலி செய்தார், அதனால்தான் அவளும் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் தேதி வேறு கதை சொன்னது. 'சோம்பேறிகளுக்கு ஏற்ற முறை' என்று அவள் எழுதி ஒன்பது நாள் கழித்துத்தான் அந்த 'வாளியம்மா' வந்திருந்தது. அதுவும் சிரிப்புப் பொம்மையோடு.

அடுத்தடுத்த பக்கங்களில் அவர் அவள் சொன்னதைக் கவனமாகப் படித்தே பதில் எழுதியிருந்தார். 'நீங்கள் சொல்வது இந்த வகை மீனுக்கு உண்மைதான், ஆனால்...' என்று தொடங்குவார். அவள் 'ஆனால்' என்பதிலிருந்துதான் படித்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. ஒவ்வொரு பதிலிலும் அவளுடைய குரல் ஒரு படி ஏறிக்கொண்டே போனது. நாற்பத்தியோராம் பக்கத்தில், ஆறவைக்கும் அறையில், ஒரு மணி நேரம் காத்திருந்து அவள் வெளியிட்ட பதில் இருந்தது.

'உயிரை வளர்க்கிறவனுக்கு முதலில் உடம்பு வணங்க வேண்டும். தண்ணீர் தூக்கச் சலிக்கிறவர் கையில் அகப்படுகிற எந்த உயிரும் பாவம்தான்.'

கெளுத்தி அதற்குப் பதில் எழுதவில்லை. அதுதான் அவருடைய தோல்வி என்று அவள் ஊர் முழுக்கச் சொன்னது.

அவருடைய மற்ற எழுத்துகளைத் தேடினாள். கடைசியாக ஒன்று, 'கொடுக்க, வாங்க' பகுதியில், அதே மாதம். 'மூன்றடித் தொட்டி, செடி, ஏழு மீன், ஸ்டாண்டு. விலை வேண்டாம். என் மனைவி நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். அவர் கட்டிலிலிருந்து பார்க்கிற மாதிரி வைத்த தொட்டி இது. வாளி தூக்க நேரம் கிடைக்காது என்பதால்தான் இந்த முறையில் அமைத்தேன். இப்போது மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடிபோகிறோம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் சொல்லுங்கள்.' அதன் கீழே ஒரே ஒரு பதில்: 'நான் எடுத்துக்கொள்கிறேன். தலையாரி.'

அவள் மடிக்கணினியை மூடினாள். பிறகு திறந்து மறுபடி படித்தாள்.

கணவர் சந்தையிலிருந்து பையோடு உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையைக் காட்டினாள்.

"இது நீ ஓட ஓட விரட்டினதாச் சொன்ன ஆள்தானே?"

"ஆமாங்க."

அவர் நிதானமாகப் படித்தார். "உனக்குத் தெரியாதே அப்போ."

"தெரியாதுதான். கேட்கவும் இல்லையே. ஏன் இப்படிப் பண்றீங்கன்னு நாலு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பார்."

அவர் பையிலிருந்த காய்களை எடுத்து அடுக்கப் போய்விட்டார். மின்னஞ்சலின் அடியிலிருந்த எண்ணில் அவள் அன்றைக்கே தலையாரியைக் கூப்பிட்டாள். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். குரலில் அதே கறார்.

"யாரு, நத்தையா? நீ இன்னும் உயிரோட இருக்கியாம்மா?"

விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தப் பதிலுக்கு அவர் ஒண்ணுமே எழுதலையா சார்?" என்று கேட்டாள்.

"எழுதினார். எழுதி எழுதி எடுத்தார். அந்த அறையில எடுத்தது எனக்கு மட்டும் தெரியும். அந்த ஒரு வாரத்துல ஆறு தடவை."

"என்ன எழுதியிருந்தார்?"

"அதை எப்படிம்மா சொல்வேன்? வேண்டாம்னு அவரே எடுத்துக்கிட்டார். அதை நான் கொடுக்கக் கூடாது."

அவளுக்கு அது சரியென்றே பட்டது. அவருடைய எண் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவர்கிட்ட கேட்கிறேன். அவருக்கு இஷ்டமிருந்தா அவரே கூப்பிடுவார். இல்லைன்னா நீ விட்டுடணும்," என்றார் தலையாரி.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. அதற்குள் மன்றத்தில் பழைய ஆட்களெல்லாம் திரும்பி வந்து குவிந்தார்கள். ஊறுகாய் ஜாடிப் பெண் இப்போது விடுதி வார்டனாம்! நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். எல்லோரும் சேர்ந்து வேறு எங்கே குடிபோவது என்று பேச்சு வந்ததும் மூன்றாம் நாளே அடிதடி. தலையாரி கடைசியாக ஒருமுறை அந்தப் பேச்சைப் பூட்டினார். நத்தை தன் பழைய சண்டைக்குக் கீழே ஒரு பதில் எழுதினாள்: 'முதலில் சோம்பேறி என்று எழுதியது நான். நாற்பத்தியோராம் பக்கத்தில் நான் எழுதியது தப்பு. தெரியாமல் எழுதியது என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை.' ஒரு மணி நேரம் கிடந்தது. எடுக்கவில்லை. மன்றம் மூடுவதற்குள் அதைப் பதினேழு பேர் படித்ததாக எண்ணிக்கை காட்டியது. அதில் அவர் இருந்தாரா என்று தெரியவில்லை.

மூடிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"வாளியம்மாங்களா?"

இத்தனை வருடம் அவள் மனசுக்குள் கேட்ட கெளுத்தியின் குரல் முரட்டுத்தனமானது. இது மெல்லிய, கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல்.

"சார்... நான்தான். உங்ககிட்ட மன்னிப்பு..."

"படிச்சேன், படிச்சேன். தலையாரி அனுப்பினார்." அவர் தொண்டையைச் செருமினார். "உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. நீங்க எழுதினதையெல்லாம் என் வீட்டுக்காரிக்குத் தினம் வாசிச்சுக் காட்டுவேன். படுத்த படுக்கையா இருந்தவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு. அவ உங்க கட்சி தெரியுமா? 'அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி, நீங்க சும்மா இருங்க'ன்னு என்னையே மிரட்டுவா."

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் சேர்ந்து வந்தது. "அவங்க இப்போ?"

"அவ போய்ப் பதினோரு வருஷமாச்சு."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனோடு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"அந்த நாற்பத்தியோராம் பக்கம்..." என்று அவளே தொடங்கினாள்.

"அதை மட்டும் அவளுக்கு வாசிக்கலை," என்றார் அவர். "நத்தை இன்னைக்கு என்ன சொன்னான்னு கேட்டா. இன்னைக்கு வரலைன்னு சொல்லிட்டேன். வலிச்சுது மேடம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் வலிச்சுது."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"அவங்களுக்கு எந்த மீனைப் பிடிக்கும்?" என்று கேட்டாள். அவருடைய குரலே மாறிவிட்டது. வால் கிழிந்த கறுப்பு மீன் ஒன்று, கட்டில் பக்கத்துக் கண்ணாடியிலேயே வந்து நிற்குமாம். அதற்கு அவர் மனைவி தன் நாத்தனாரின் பெயரை வைத்திருந்தாளாம், அதே முறைப்பு என்று. அரை மணி நேரம் பேசினார். தபால் பிரிக்கிற இடத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவராம். அவள் தன் வேலையைச் சொன்னாள். நான்கு வருடம் மல்லுக்கட்டியும் ஒருவர் தொழில் மற்றவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"சரி, மருமக சாப்பிடக் கூப்பிடுறா," என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க சார்."

அடுத்த ஞாயிறு அவர் கூப்பிடவில்லை. அவள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு துணி மடித்தாள். அதற்கடுத்த வாரம் கூப்பிட்டார்.